கொல்லைப்புறத்தில் ஒரு நீச்சல் தொட்டி: சேத்தூர் வெயிலுக்கு எது சரி?

பங்குனி பாதியைத் தாண்டினாலே விருதுநகர் மாவட்டத்துச் சேத்தூரில் பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்து வைப்பது பெரும்பாடு. பரீட்சை முடிகிற நேரம். மின்விசிறி வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். மேற்கே மலை கண்ணெதிரே நிற்கிறது என்றாலும், அங்கிருந்து இறங்கும் தண்ணீர் அந்த மாதங்களில் மெலிந்துவிடும். தேவதானத்துக்கு மேலே சாஸ்தா கோயில் பக்கம் பாறைதான் தெரியும். ராஜபாளையத்துக்காரர்கள் போகிற அய்யனார் கோயில் அருவியும், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களின் செண்பகத்தோப்பும் கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தால்தான் உயிர் பெறும்.

தண்ணீர் வந்தாலும் நினைத்த நேரத்தில் போய்க் குளித்துவிட முடியாது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது. மலைக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அருவிக்குப் போனாலும் பயம் விடுவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து, திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். சேத்தூரிலிருந்து தென்காசிச் சாலையில் போனால் எட்டிவிடும் இடம் அது. அந்தச் செய்திக்குப் பிறகு, ‘வீட்டிலேயே ஒரு தொட்டியை வைத்துவிடலாமா’ என்ற யோசனை பல பெற்றோர் மனதில் ஓடியிருந்தால் அதில் வியப்பில்லை.

அந்த யோசனையோடு போனைத் திறந்தால் போதும். பள்ளம் தோண்ட வேண்டாம், அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம், காற்று ஊதினால் போதும் என்று வரிசையாகத் தொட்டிகள் வந்து நிற்கும். பச்சைப் புல்வெளி, நீலத் தண்ணீர், சிரிக்கிற குழந்தைகள். எல்லாம் அழகாக இருக்கும். ஆனால் அந்தப் படங்களில் இருக்கும் ஊர் சேத்தூர் இல்லை. இங்கே மண் வேறு, தண்ணீர் வேறு, வெயில் வேறு. எனவே வாங்குவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

தோட்டத்தில் தொட்டி இருக்கிறதா?

முதல் கேள்வி இதுதான். இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்குத் தரைமேல் நீச்சல் தொட்டி புதிதே கிடையாது. மோட்டார் ரூமை ஒட்டி, கிணற்றுத் தண்ணீர் வந்து விழுகிற சிமெண்டுத் தொட்டி எத்தனையோ தென்னந்தோப்புகளில் இருக்கிறது. 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் 240 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 6,800 லிட்டர். கடையில் விற்கும் நடுத்தரத் தொட்டியை விடப் பெரிது.

அதன் பெரிய வசதி, தண்ணீர் தேங்குவதில்லை என்பது. ஒரு பக்கம் குழாயிலிருந்து விழுகிறது, மறுபக்கம் வாய்க்காலில் ஓடித் தென்னைக்குப் போகிறது. குளித்த தண்ணீர் பயிருக்கு. பயிருக்குப் போகிற தண்ணீரில் குளியல். இதற்காகத் தனியாக ஒரு சொட்டும் செலவாவதில்லை.

இப்படிப்பட்ட தொட்டி உள்ள குடும்பம் பணத்தைப் புதுத் தொட்டியில் போட வேண்டியதில்லை, பழையதைச் சீர்செய்தாலே போதும். அடியில் படிந்த பாசியைத் தென்னை ஈர்க்கு விளக்குமாறால் நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும். வழுக்கி விழுந்து சிமெண்டு விளிம்பில் தலை மோதுவதுதான் அங்கே பெரிய ஆபத்து. உடைந்த விளிம்புகளைப் பூசி மழுக்க வேண்டும். உள்ளே இறங்கி ஏற இரண்டு படி கட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து மோட்டாருக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். ஈரக்கையும் பழைய ஸ்டார்ட்டர் பெட்டியும் சேரவே கூடாது.

தோட்டமும் தொட்டியும் இல்லாதவர்களுக்குத்தான் மீதிக் கதை.

கடையில் என்னென்ன கிடைக்கிறது

தரைமேல் வைக்கிற தொட்டிகளைப் பல பெயரில் விற்றாலும் அடிப்படையில் நான்கைந்து வகைதான்.

முதலாவது, காற்று ஊதுகிற பிளாஸ்டிக் தொட்டி. மூன்று வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் குழந்தைத் தொட்டியில் 400, 500 லிட்டர் பிடிக்கும். இன்னும் பெரிதாக, மேல் விளிம்பில் மட்டும் காற்று வளையம் வைத்து, தண்ணீர் ஏற ஏறத் தானாக நிமிர்கிற வகை உண்டு. 8 அடி அகலம், இரண்டரை அடி உயரம் உள்ளதில் சுமார் 2,400 லிட்டர் பிடிக்கும். சில ஆயிரம் ரூபாயில் தொடங்குவதால் அதிகம் பேர் முதலில் வாங்குவது இதைத்தான்.

இரண்டாவது, இரும்புக் குழாய் ஃபிரேமில் தடித்த பிவிசி துணி மாட்டிய தொட்டி. இன்டெக்ஸ், பெஸ்ட்வே போன்ற நிறுவனங்கள் உலகம் முழுக்க இந்த வகையை விற்கின்றன. காற்று இறங்குகிற தொல்லை கிடையாது. கோடை முடிந்தால் கழற்றி மடித்துப் பரணில் போடலாம். இரண்டரை அடி, நாலு அடி என்று உயரங்கள் இருக்கின்றன.

மூன்றாவது, தகட்டுச் சுவர் வைத்து உள்ளே பிளாஸ்டிக் விரிப்புப் போடுவது. நான்காவது, ஒரே வார்ப்பாக லாரியில் வந்து இறங்கும் ஃபைபர் தொட்டி. இரண்டும் நிரந்தரமானவை. நல்ல அடித்தளம் வேண்டும், கிரேன் நுழையத் தெரு வேண்டும், செலவு எளிதாக லட்சத்தைத் தாண்டும். சேத்தூர் போன்ற ஊரில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும் தெருக்களுக்குள் ஃபைபர் தொட்டியைக் கொண்டுவருவதே பெரிய வேலை. வருடத்தில் இரண்டு மூன்று மாதத்துக்காக அவ்வளவு பணத்தை முடக்குவது பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாத செலவு.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது. நீச்சலுக்கென்று விற்கப்படாதது. பயோஃப்ளாக் முறையில் மீன் வளர்க்க, வட்டமான கம்பி வலைச் சுவருக்குள் தடித்த தார்ப்பாய் போட்ட தொட்டிகள் தமிழ்நாடு முழுக்கப் பரவின. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் இதற்கு மானியமும் தரப்பட்டது. மீன் வளர்ப்பை விட்டவர்களிடம் தொட்டி சும்மா கிடந்தால், பிள்ளைகளை இறக்கிவிடலாமா என்று கேட்கத் தோன்றும். 4 மீட்டர் விட்டத்தில் ஒரு மீட்டர் தண்ணீர் நிறுத்தினால் 12,500 லிட்டர். உறுதியான தொட்டிதான். ஆனால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகள் பிள்ளைகளின் கையைக் கிழிக்கும். ஏறி இறங்க ஏணியும் இருக்காது. முனைகளை மடக்கி, பிளந்த ஹோஸ் குழாயால் சுற்றிலும் மூடி, ஏணி செய்துவைக்க முடிகிறவர்கள் மட்டும் இதைப் பற்றி யோசிக்கலாம்.

தண்ணீர்க் கணக்கு

இந்த ஊரில் தேர்வை முடிவு செய்ய வேண்டியது தண்ணீர்தான். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் விழுந்து கண்மாய்க்கும் கிணற்றுக்கும் போகிறது. சித்திரை, வைகாசியில் கிணறு அடியைத் தொடும். பிள்ளைகளுக்குத் தொட்டி வேண்டிய மாதமும், ஊருக்குத் தண்ணீர் முடைப்படுகிற மாதமும் ஒன்றேதான். எனவே எந்தத் தொட்டி குறைவாகக் குடிக்கும் என்று பார்த்தாக வேண்டும்.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். சின்னத் தொட்டி என்றால் தண்ணீர் குறைவு என்று தோன்றும். அப்படியில்லை. வடிகட்டி இல்லாத காற்றுத் தொட்டியில் நாலைந்து பிள்ளைகள் இரண்டு நாள் ஆடினால் தண்ணீர் கலங்கிவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். 2,400 லிட்டர் தொட்டியை 60 நாள் கோடையில் 20 தடவை நிரப்பினால் 48,000 லிட்டர்.

இப்போது 10 அடி விட்டம், இரண்டரை அடி உயரமுள்ள ஃபிரேம் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடிக்குத் தண்ணீர் நிறுத்தினால் ஏறக்குறைய 4,450 லிட்டர். அதோடு ஒரு வடிகட்டி மோட்டாரும் முறையான குளோரினும் இருந்தால், ஒரே தண்ணீரைக் கோடை முழுக்க வைத்துக்கொள்ள முடியும். ஆவியாவதை மட்டும் ஈடுகட்ட வேண்டும். நம் வெயிலில் நாளொன்றுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை தண்ணீர் ஆவியாகும். இந்தத் தொட்டியின் பரப்புக்கு அது சுமார் 50 லிட்டர், அதாவது மூன்று நான்கு குடம். இரவில் மேலே ஒரு விரிப்புப் போட்டு மூடினால் இன்னும் குறையும். முதல் நிரப்பல், ஆவியாவது, பிள்ளைகள் வெளியே அடிக்கிற தண்ணீர், வடிகட்டி கழுவுகிறது எல்லாம் சேர்த்தாலும் 10,000 லிட்டருக்குள் கோடையை ஓட்டிவிடலாம்.

48,000 எங்கே, 10,000 எங்கே! கிராமப்புற வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220. அந்தக் கணக்கில் சின்னத் தொட்டி குடிப்பது ஒரு குடும்பத்தின் ஏழு மாதத் தண்ணீர். ஃபிரேம் தொட்டி குடிப்பது ஒன்றரை மாதத் தண்ணீர். ஒன்றரை மாதம் என்பதும் சின்ன விஷயமில்லை. சொந்தக் கிணறோ போரோ இல்லாத வீடு இதில் இறங்கவே வேண்டாம். பேரூராட்சிக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சித் தொட்டியை நிரப்புவது சட்டப்படி தவறு. அடுத்த தெருவில் குடத்தோடு காத்திருப்பவரின் தண்ணீரைப் பிடுங்குவதும் அதுதான்.

நாலு அடி உயரம், 15 அடி அகலம் என்று ஆசை காட்டும் பெரிய தொட்டியில் சுமார் 17,000 லிட்டர் பிடிக்கும். நல்ல ஊற்றுள்ள கிணறு இருந்தால் தவிர, சேத்தூர்க் கோடைக்கு அது பொருந்தாது.

எங்கே வைப்பது

‘மொட்டை மாடியில் வைத்தால் என்ன, இடமும் மிச்சம், காற்றும் வரும்’ என்பார் வீட்டுக்காரர். அனுபவமுள்ள கொத்தனார் ஒரே வார்த்தையில் முடிப்பார்: “மாடி தாங்காது அண்ணாச்சி.” அவர் சொல்வதற்கு எண்ணிலும் ஆதாரம் இருக்கிறது. இந்தியத் தரக்குறிப்பின்படி ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு வைக்கப்படும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. இரண்டு அடி உயரத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 600 கிலோவை அழுத்தும். நாலு மடங்கு. பத்தடித் தொட்டியில் மொத்தம் நாலரை டன் தண்ணீர், அதற்குமேல் குதிக்கிற பிள்ளைகள். மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டி நிற்கிறதே என்று கேட்கலாம். அதைத் தூண் தலைக்கோ சுவர் மேலோ வைப்பார்கள். தளத்தின் நடுவில் இறக்கி வைப்பதில்லை. பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் மாடியில் தொட்டி வேண்டவே வேண்டாம்.

தரைதான் சரி. பத்தடித் தொட்டிக்குச் சுற்றிலும் மூன்றடி விட்டால் 16-க்கு 16, அதாவது 256 சதுர அடி. அரை செண்டுக்குச் சற்று மேல். தலைக்கு மேல் இ.பி. ஒயர் போகக் கூடாது. செப்டிக் டேங்க் மூடியின் மேல் வரக் கூடாது. தென்னை மரத்தடியும் கூடாது. மட்டையும் நெற்றும் விழும்.

அடுத்து மட்டம். தண்ணீர்த் தொட்டி மேடுபள்ளத்தை மன்னிக்காது. ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் சுமை முழுக்க அந்தப் பக்கத்துக் கால்களில் சாயும். கால் மண்ணில் இறங்கும், இறங்க இறங்க இன்னும் சாயும், கடைசியில் துணி கிழிந்து நாலரை டன்னும் ஒரே வீச்சில் வெளியே பாயும். கண்ணால் பார்த்து ‘சமமாகத்தான் இருக்கிறது’ என்று சொல்வதை நம்பக் கூடாது. வீடு கட்டுகிறபோது பயன்படுத்துகிற டியூப் லெவலே இதற்குப் போதும். தண்ணீர் நிரப்பிய நீளக் குழாயின் ஒரு முனையை நடுவில் ஒருவர் பிடிக்க, மறு முனையோடு இன்னொருவர் வட்டத்தின் விளிம்பைச் சுற்றி வர வேண்டும். மேடான இடத்தைச் செதுக்க வேண்டுமே தவிர, பள்ளத்தில் புதுமண்ணைக் கொட்டி நிரவக் கூடாது. கொட்டிய மண் தண்ணீர்ச் சுமையில் அமுங்கிவிடும். மலையடிவாரச் செம்மண் இந்த வேலைக்கு ஒத்துழைக்கும். கிழக்கே போகப் போகக் கரிசல். ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிற மண் அது. அங்கே சரளை போட்டுக் கெட்டித்த மேடையோ, மெல்லிய கான்கிரீட் தளமோ இல்லாமல் வைக்கக் கூடாது.

இன்னொரு எதிரி கோரை. புல்தானே என்று நினைத்து மேலாக அரிவாளால் சீவிவிட்டுத் தொட்டியை விரித்தால், சில நாளில் கீழேயுள்ள கிழங்கு முளைத்து ஊசிமுனையோடு மேலே வரும். பிவிசி துணியைக்கூடக் குத்தித் துளைக்கும் வலிமை அந்த முளைக்கு உண்டு. தொட்டிக்கு அடியில் ஓட்டை விழுந்தால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதித் தண்ணீர் போயிருக்கும். எனவே மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் கொத்தி, கறுப்பாகக் கொட்டை கொட்டையாக இருக்கும் கிழங்குகளைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். நெருஞ்சி முள்ளையும் சரளைக் கல்லையும் அப்போதே பொறுக்கிவிடலாம். அதன்மேல் இரண்டு அங்குலம் சலித்த எம்-சாண்ட், அதன்மேல் பழைய தார்ப்பாய் இரண்டு மடிப்பு, அதற்குமேல்தான் தொட்டி.

மலையடிவாரத்துத் தோப்பு வீடுகளில் வேறு கவலையும் உண்டு. குரங்குக் கூட்டம் தண்ணீரைக் கண்டால் இறங்கும். காற்றுத் தொட்டியை நகத்தால் ஒரு பிராண்டுப் பிராண்டினால் முடிந்தது. சேத்தூர், தேவதானம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் யானை புகுந்து சேதம் செய்வது அடிக்கடி வரும் செய்தி. வறண்ட மாதத்தில் காட்டோரம் திறந்த தண்ணீரை வைப்பது நல்லதில்லை. அங்கே இருப்பவர்கள் சுற்றுச்சுவருக்குள் மட்டும் தொட்டி வைக்கட்டும்.

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கினால் புழுதியும் சருகும் தொட்டியில் வந்து விழும். தொட்டியை மடித்து வைக்கச் சரியான நேரம் அதுவே. நன்றாகக் காயவைத்து, எலி கடிக்காத இடத்தில் வைக்க வேண்டும். வெயிலிலேயே ஆண்டு முழுக்க விட்டால் பிவிசி விறைத்து வெடித்துவிடும்.

தண்ணீர் கெடாமல் இருக்க

வீட்டுத் தொட்டிதானே, நம் பிள்ளைகள்தானே, மருந்து எதற்கு என்று கேட்பவர்கள் மலைக்கு அந்தப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2024-இல் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்றால் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்தார்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நுண்ணுயிர் அது. மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறும்போது உள்ளே போகிறது. அரிதான நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பவர் மிகக் குறைவு. சித்திரை வெயிலில் சூடேறிக் கிடக்கும் மருந்தில்லாத தண்ணீர் அதற்கு வசதியான இடம். போதுமான குளோரின் உள்ள தண்ணீரில் அது பிழைக்காது.

தண்ணீரில் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரையும், பி.எச். 7.2 முதல் 7.8 வரையும் இருக்க வேண்டும். பத்தடித் தொட்டியின் 4,450 லிட்டருக்கு 2 பிபிஎம் என்றால் 9 கிராம் குளோரின். புதுப் பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால் 25 முதல் 30 கிராம் பவுடர் தேவைப்படும். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். வெயில் பட்டால் சில மணி நேரத்திலேயே குளோரின் பெருமளவு அழிந்துவிடும். எனவே பொழுது சாய்ந்த பிறகு போடுவதே சரி. மறுநாள் பிள்ளைகள் இறங்கும் முன் சோதனைச் சொட்டு மருந்தை விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். குடிநீர்த் தொட்டியைச் சோதிக்கிற பேரூராட்சிப் பணியாளர் கையில் இருக்கும் குளோரோஸ்கோப்பும் இதே முறையில் வேலை செய்வதுதான்.

பிளீச்சிங் பவுடரையும் நீச்சல் குளத்துக்கென்று விற்கும் குளோரின் மாத்திரையையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, ஒரே டப்பாவில் வைக்கவும் கூடாது. தீப்பிடிக்கும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு பவுடர் சேர்ந்தால் நச்சுவாயு வரும். இரண்டையும் பூட்டி வையுங்கள்.

போர்த் தண்ணீரில் இரும்பு அதிகமிருந்தால் பவுடர் போட்டதும் தொட்டி முழுக்கப் பழுப்பாகும். பயந்துபோய்த் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம். ஓரிரு நாள் வடிகட்டியை ஓட்டி, அதனுள் இருக்கும் வடிகட்டி அட்டையை (கார்ட்ரிட்ஜை) அடிக்கடி கழுவினால் தெளிந்துவிடும். சிறு ஃபிரேம் தொட்டிகளோடு வரும் வடிகட்டி மோட்டார் மணிக்குச் சுமார் 1,250 லிட்டர் ஓட்டக்கூடியது. முழுத் தண்ணீரும் ஒருமுறை சுற்றிவர நாலு மணி நேரம் பிடிக்கும். தினம் ஆறு, எட்டு மணி நேரம் ஓடட்டும். அந்த லைனில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஈ.எல்.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும்; பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது மோட்டாரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சங்கதி: தேங்காய் எண்ணெய். எண்ணெய் வைத்த தலையோடு நாலு பிள்ளைகள் இறங்கினால் மேலே படலமாக மிதக்கும், குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், வடிகட்டி அட்டை பிசுக்கேறி அடைக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சீயக்காயும் இருக்கட்டும். தலையும் காலும் கழுவிய பிறகே ஏணியில் ஏற வேண்டும் என்று கண்டிப்பாக வைத்துக்கொண்டால் தண்ணீர் பல வாரம் தாங்கும்.

ஒரு வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மூடிவிட்டோ வடித்துவிட்டோ போங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். தெருவில் வரும் கொசு ஒழிப்புப் பணியாளர் எட்டிப் பார்த்தால் அபராதம் வரும். அதை விட, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்.

ஏணியை யார் எடுத்து வைப்பது

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். தரைமேல் தொட்டிகள் பரவலாக இருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே 2001 முதல் 2009 வரை இப்படி எடுத்து மாட்டும் தொட்டிகளில் மூழ்கி 209 குழந்தைகள் இறந்ததாக 2011-இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு சொல்கிறது. விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். 2025 ஜூலையில் இன்னொரு செய்தி. நாலு அடியும் அதற்கு மேலும் உயரமான சுமார் 50 லட்சம் தொட்டிகளைத் திரும்ப அழைப்பதாக அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. கால்களைச் சேர்த்துக் கட்ட வெளிப்பக்கம் சுற்றிவரும் பட்டையில் கால் வைத்து, ஏணி இல்லாமலேயே குழந்தைகள் ஏறிவிட்டன. 22 மாதம் முதல் மூன்று வயது வரையிலான ஒன்பது குழந்தைகள் இறந்திருந்தன.

வாங்கும்போது தொட்டியின் வெளிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு சின்னப் பாதம் பதியக்கூடிய பட்டையோ கம்பியோ இருக்கிறதா? பக்கத்தில் வடிகட்டி மோட்டாரை வைத்தால் அதன்மேல் ஏற முடியுமா? கவிழ்த்துப் போட்ட வாளி, துவைக்கிற கல், பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் மூன்றடிக்குள் இருக்கக் கூடாது. ஏணி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். குளியல் முடிந்த மறு நிமிடம் அது வீட்டுக்குள் போய்விட வேண்டும். அதை எடுத்து வைப்பவர் இன்னார் என்று வீட்டில் ஒரு பெரியவரின் பெயரைச் சொல்லி முடிவு செய்யுங்கள். ‘யாராவது எடுத்து வைப்பார்கள்’ என்று விட்டால் யாரும் எடுத்து வைப்பதில்லை. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை அந்தப் பெரியவர் கையில் போன் இருக்கக் கூடாது. மூழ்குகிற குழந்தை கத்திக் கூப்பிடாது, சத்தமில்லாமல் போய்விடும்.

இந்தப் பயத்துக்காகத் தண்ணீரையே ஒதுக்க வேண்டியதில்லை. 2021-இல் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. வியட்நாமின் டா நாங் நகரில் பள்ளி வளாகங்களில் இதே போன்ற தரைமேல் தொட்டிகளை வைத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள்.  கிணறும் கண்மாயும் உள்ள நம் ஊர்ப் பக்கம் இது உயிர் காக்கிற படிப்பு. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமாவோ சித்தப்பாவோ கிணற்றில் இறக்கிவிட்ட காலம் போய்விட்டது. பாதிக் கிணறுகள் தூர்ந்துவிட்டன. முகத்தை நீருக்குள் அமிழ்த்தி மூச்சு விடுவது, மல்லாந்து மிதப்பது, காலடிப்பது – மூன்றையும் இரண்டடித் தண்ணீரில் கற்றுக்கொள்ளலாம். முழு நீச்சலுக்கு மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கிலும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்கள் இருக்கின்றன.

ஆக, எதை வாங்கலாம்?

சொந்தக் கிணறு அல்லது போர், சுற்றுச்சுவருக்குள் அரை செண்டுக்குச் சற்று மேல் மட்டமான இடம், தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் – இவை இருக்கிற சேத்தூர் வீட்டுக்குப் பத்தடி அகலம், இரண்டரை அடி உயரமுள்ள ஃபிரேம் தொட்டியே சரி. வடிகட்டி மோட்டாரோடு வாங்குங்கள். வெளியே கால் வைக்கிற பட்டை இல்லாததாகப் பாருங்கள். பங்குனியில் நிரப்பி, ஆனிக் காற்றுக்கு முன் வடித்துவிடுங்கள். கடைசி இரண்டு நாள் குளோரின் போடாமல் வெயிலில் விட்டால், அந்த நாலாயிரத்துச் சொச்சம் லிட்டரையும் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம்.

இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இந்த வருடம் வாங்க வேண்டாம். தோட்டத்துத் தொட்டியைக் கழுவிப் பூசி வையுங்கள், சொந்தக்காரர் தோப்பில் கேட்டுப் பாருங்கள், விடுமுறையில் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். தொட்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அடுத்த கோடை முடிவதற்குள் வீட்டில் ஆறு வயதைத் தாண்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும், பையனோ பெண்ணோ, மிதக்கக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.